ஸ்ட்ரிப் காட்டாத கலங்கல்

இரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்து எண் எழுதிக் கொடுப்பது என் தொழில். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுப்பகுதியிலுமாக ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். டொக்டர்மாருக்கு நோயாளியின் முகம் தெரியும். எங்களுக்குப் போத்தல்தான் தெரியும். ஆனால் போத்தலை நெடுங்காலம் பார்த்தவனுக்கு, அதன் பின்னால் இருக்கும் ஆளின் வீடும் கிணறும் தொழிலும் மெல்லத் தெரிய வரும். அந்தத் தெரிதலில் ஒரு பகுதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தீவுகளில் இந்தத் தொழிலுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. நெடுந்தீவில் விடிய எடுத்த சிறுநீர் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ்ஸில் யாரோ ஒருவரின் மடியில் இருந்து, மேசைக்கு வந்துசேர மத்தியானமாகிவிடும். வெக்கையில் கிடந்த சிறுநீரில் கிருமி பெருகும். இருந்த சீனியைக் கிருமி தின்றுவிடும். கலங்கள் உடைந்துபோகும். அதனால் போத்தலைக் கையில் எடுத்ததும் நாங்கள் முதலில் கேட்பது எத்தனை மணிக்கு எடுத்தது என்பதை. அடுத்து ஊரைக் கேட்போம். தொழிலைக் கேட்கும் பழக்கம் எங்கள் ஆய்வுகூடங்களில் இருக்கவில்லை. கிளினிக் கொப்பியில் நிறைக்கு, பிறஷருக்கு, சீனிக்கு எல்லாம் இடம் இருக்கும். அந்த மனிதர் காலையிலிருந்து பின்னேரம் வரை எதைத் தொட்டு, எதைச் சுவாசித்து, எந்தக் கிணற்றில் குடிக்கிறார் என்பதற்கு ஒரு வரி இருக்காது.

சிறுநீரகம் பழுதா என்று பார்க்க ஊரெல்லாம் தெரிந்த சொல் கிரியேட்டினின். நான் தொழில் பழகிய காலத்தில் அதைக் கையால்தான் பார்த்தோம். இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த சீரத்தில் மஞ்சள் நிறப் பிக்ரிக் அமிலமும் சோடியம் ஐதரொட்சைட்டும் சேர்த்தால் மஞ்சள் மெல்லச் செம்மஞ்சளாக மாறும். நிறம் எவ்வளவு கூடுகிறதோ கிரியேட்டினின் அவ்வளவு. 1886-இல் மக்ஸ் யாஃபே கண்ட வழி அது. இன்றைய இயந்திரங்களில் பலவற்றின் வயிற்றுக்குள்ளும் அதே நிறமாற்றம்தான் நடக்கிறது. பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கும். யுத்த காலத்தில் அந்தப் போத்தலை அலமாரியில் வைத்திருப்பதே எங்களுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் ஈரம் காயாமல் பார்த்துப் பார்த்து வைத்திருந்தோம். அது இல்லாமல் சிறுநீரக நோயாளிக்கு ரிப்போர்ட் இல்லை.

அந்தச் செம்மஞ்சளை நம்பியே வேலை செய்த எனக்கு அதன் குறையும் நன்றாகத் தெரியும். கிரியேட்டினின் பிந்தித்தான் பேசும். ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்துவிட்டு வந்தவரின் கிரியேட்டினின் வழக்கமான எல்லைக்குள்ளேயே நிற்பதைக் கண்டிருக்கிறோம். அதாவது வடிகட்டும் சக்தியில் ஏறக்குறையப் பாதி போன பிறகுதான் எண் எல்லை தாண்டத் தொடங்கும். தசை வற்றிய வயதானவர்களில் அது இன்னும் பிந்தும். “கிரியேட்டினின் நோமல், கிட்னிக்கு ஒண்டும் இல்லை” என்று சந்தோஷமாக வீடு போனவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சந்தோஷம் உண்மையானது என்ற கேள்வி எனக்குள் நெடுநாளாக இருக்கிறது.

தீவார் ஒருவரின் போத்தல் அந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. ஐம்பது கடந்த கடற்றொழிலாளி. கால் பெருவிரலில் வீக்கம், பிறஷர், கிரியேட்டினின் எல்லையை ஒரு மயிரிழை தாண்டியிருந்தது. சீனி வருத்தம் இல்லை. சிறுநீரில் ஸ்ட்ரிப்பைத் தோய்த்தேன். புரதக் கட்டம் மஞ்சளாகவே நின்றது. புரதம் இல்லை என்று அர்த்தம். பழைய ஆட்களுக்கு ஸ்ட்ரிப்போடு நிற்கப் பிடிக்காது. இன்னொரு குழாயில் சிறுநீரை விட்டுச் சல்போசலிசிலிக் அமிலம் சில துளி சேர்த்தேன். குழாயை உதயன் பத்திரிகையின் எழுத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், எழுத்து தெரிகிறது, ஆனால் பனிமூட்டத்துக்குள் தெரிகிறது. கலங்கல். பென்சிலின் ஊசி போட்டவர்களுக்கும் இப்படிக் கலங்கும் என்பதால் விசாரித்தேன். ஊசி மருந்து எதுவும் இல்லை.

ஸ்ட்ரிப் இல்லை என்கிறது, அமிலம் இருக்கிறது என்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. ஸ்ட்ரிப்பின் கட்டம் பெரும்பாலும் அல்புமின் என்ற ஒரு புரதத்தைத்தான் பிடிக்கும். சீனி வருத்தத்திலும் பிறஷரிலும் வடிகட்டி பழுதாகும்போது ஒழுகுவது அல்புமின். அதற்கு ஸ்ட்ரிப் போதும். அல்புமின் இல்லாமல் வேறு சிறு புரதங்கள் ஒழுகினால், பழுது வடிகட்டியைத் தாண்டி அடுத்த இடத்தில், அதாவது வடிகட்டியதைத் திரும்ப உறிஞ்சும் நுண்குழாயில் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். ஈயம், கட்மியம் போன்ற உலோகங்கள் முதலில் போய்க் குந்தும் இடம் அதுதான்.

அவர் கதிரையில் இருந்தார். “ஐயா, என்ன தொழில் செய்யிறனீங்கள்?” என்று கேட்டேன்.

“கடல்தான் தம்பி.”

“கரையில நிக்கிற நேரம்?”

“வலைக்கு ஈயம் வாக்கிறனான். பழைய பற்றரியளை உடைச்சு உருக்கித்தான். கடையில வாங்கிக் கட்டுமே?”

“எங்க வைச்சு உருக்கிறனீங்கள்?”

“குசினிக்குப் பின்னால, கிணத்தடியில. பேரப்பிள்ளையளும் அச்சில ஊத்திறதைப் பாக்க ஆசைப்படுங்கள்.”

டொக்டரிடம் போய்ச் சொன்னேன். இரத்தம் கொழும்புக்குப் போனது. வந்த பெறுபேறு எவருக்கும் இருக்கக்கூடாத அளவு. பெருவிரல் வீக்கத்துக்கும் விளக்கம் அதற்குள் இருந்தது: ஈயம் ஏறிய சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியே விடாது, அது மூட்டில் போய்ப் படியும். இரத்தத்தில் ஏறிய ஈயம் ஒரு மாதமளவில் பாதியாகும். ஆனால் அது எல்லாமே வெளியே போவதில்லை. பெரும்பகுதி எலும்புக்குள் போய் இருபது முப்பது வருடம் இருக்கும். வயதாகி எலும்பு தேயும்போது திரும்பவும் இரத்தத்துக்கு இறங்கும். உருக்குவதை நிறுத்திய பிறகும் உடம்புக்குள் உருக்கு உலை நிற்பதில்லை.

கிணற்று நீரையும் பார்க்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். இந்த இடத்தில் ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தீவுகளின் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், காரத்தன்மை கூடியது. அப்படிப்பட்ட நீரில் ஈயம் இலகுவில் கரையாது. அந்த மனிதருக்குள் ஈயம் போனது புகையாலும், கழுவாத கையால் தின்ற சோற்றாலும். முற்றத்து மண்ணில் விழுந்த தூளில் விளையாடிய பிள்ளைகளுக்கும் அதே வழிதான். தொழிற்சாலை இல்லாத ஊரில் தொழிற்சாலை மாசு எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். கொழும்பிலோ வெளிநாட்டிலோ செய்யப்பட்ட பற்றரி, அதன் ஆயுள் முடிந்ததும் நெடுந்தீவின் ஒரு குசினிப் பின்புறத்தில் தொழிற்சாலையாகிவிடுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பழைய பற்றரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தீவை விட்டு வெளியே கொண்டுபோகும் ஏற்பாட்டை யாராவது அவருக்குச் செய்து கொடுத்திருந்தால் அவர் ஏன் உடைக்கப் போகிறார்?

ஏன் சிறுநீரகம்? மற்ற உறுப்புகளை விட்டு இந்த நஞ்சுகள் ஏன் அங்கே போகின்றன? இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. ஒரு நாளைக்கு 180 லீற்றரளவு நீர் வடிந்து, அதில் 99 வீதத்தை நுண்குழாய்கள் திரும்ப உறிஞ்சிவிடுகின்றன. ஆனையிறவு உப்பளத்தில் வெயில் நீரைக் குடிக்கக் குடிக்கப் பாத்தியில் உப்பு செறிவது போல, நீர் திரும்பப் போகப் போக வடிந்த நஞ்சு குழாய்க்குள் செறிகிறது. போதாததற்கு, உடம்புக்குத் தேவையானவற்றை எடுத்துக்கொள்ள அந்தக் குழாயின் கலங்களில் இருக்கும் வாசல்கள் உலோகத்தையும் சேர்த்து உள்ளே எடுத்துவிடுகின்றன. கட்மியம் உள்ளே போனால் பத்து முதல் முப்பது வருடம் அங்கேயே பாதியாகாமல் இருக்கும்.

கட்மியம் என்றால் எங்கோ சுரங்க நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். புகையிலை மண்ணிலிருக்கும் கட்மியத்தை இலையில் சேர்த்து வைக்கும் செடி. பொஸ்பேற் உரத்திலும் அது சிறிதளவு உண்டு. புகைப்பவரின் உடம்பில் புகைக்காதவரைப்போல இரண்டு மடங்களவு கட்மியம் சேர்கிறது. புகையிலையும் சுருட்டும் எங்கள் மண்ணின் பெரிய பொருளாதாரமாக இருந்தவை. தோட்டத்து வருமானத்தில் படித்து வந்த தலைமுறை எங்களுடையது. அந்தத் தோட்டங்களைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமில்லை. ஆனால் சிறுநீரகக் கிளினிக்கில் இருக்கும் முதியவரிடம் சுருட்டுப் பழக்கத்தைக் கேட்கும்போது நெஞ்சுக்காக மட்டும் கேட்கக்கூடாது என்பது என் வாதம்.

ஜப்பானின் டொயாமா மாவட்டத்தில் ஜின்சு ஆற்றங்கரை மக்களுக்கு நடந்ததைத் தொழிற்பாடம் போல எங்கள் துறை படிக்கிறது. மேலே கமியோகாச் சுரங்கத்திலிருந்து கட்மியம் ஆற்றில் இறங்கியது, ஆற்று நீர் வயலுக்குப் பாய்ந்தது, நெல்லில் ஏறியது. சிறுநீரக நுண்குழாய் கெட்டு, கல்சியமும் பொஸ்பேற்றும் ஒழுகி, எலும்பு நொறுங்கி, நடக்கையில் வலியால் கத்தினார்கள் வயதான பெண்கள். நோயின் பெயரே அந்தக் கத்தல்: இத்தாய் இத்தாய். 1968-இல் அரசாங்கம் அதை மாசினால் வந்த நோயென ஏற்றுக்கொண்டது. வயல் மண்ணை மாற்றி முடிக்கும் வேலை 2012 வரை இழுத்தது. அங்கே மக்களைக் கண்காணிக்கப் பயன்பட்டது கிரியேட்டினின் அல்ல. சிறுநீரில் பீற்றா-2 மைக்ரோகுளோபியூலின் என்ற சிறு புரதம். நுண்குழாய் கெடத் தொடங்கியதும் ஒழுகுவது அது. எங்கள் ஸ்ட்ரிப் அதைக் காட்டாது.

தண்ணீரைப் பற்றிப் பேசினால் சுன்னாகத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. அனல் மின் நிலையத்தின் கழிவொயில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்துவிட்டதென்ற செய்தி பெரிதாகியபோது, மக்கள் எங்களிடம் போத்தல் போத்தலாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மேலே வானவில் போல ஒயில் படலம். “தம்பி, இதைக் குடிச்சால் கிட்னி பழுதாப் போகுமோ?” ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கிணற்று ஒயிலை அளக்கும் வசதி கிடையாது. போத்தலைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏமாற்றத்தை நேரே பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் ஒயில் இருக்கிறதென்றன. இன்னொரு பக்கம் மாகாண மட்டத்து நிபுணர் குழு வேறு விதமாகச் சொன்னது. மக்கள் நடுவில் நின்றார்கள். சுற்றாடல் செயற்பாட்டாளர் ரவீந்திர குணவர்தன காரியவசம் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரலில்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்று, நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் கட்ட வேண்டுமென நீதிமன்றம் பணித்தது.

அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்குத் தீவுகள்தான் நினைவுக்கு வந்தன. சுன்னாகத்தின் கீழே இருக்கும் அதே சுண்ணாம்புக்கல்தான் எங்கள் கீழும் இருக்கிறது. வெடிப்பும் பொந்துமான கல். மேலே ஊற்றியது வடிகட்டாமல் கீழே இறங்கும். குடாநாட்டிலாவது நிலத்தடி நீர் தடிப்பாக இருக்கிறது. தீவுகளில் கடல் உப்புநீருக்கு மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக அது மிதக்கிறது. நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால்தான் கீழே நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே அரை அடி குறைந்தால் கீழே இருபது அடி போய்விடும். வேலணைச் சாட்டி மணலடியும் நெடுந்தீவுச் சாராப்பிட்டியும் இந்த மெல்லிய படையில்தான் ஊருக்குத் தண்ணி கொடுத்தன. அங்கே ஒரு கராஜ் கழிவொயிலை மண்ணில் ஊற்றினால், மின்பிறப்பாக்கியின் டீசல் கசிந்தால், அதை ஐதாக்க நீர் இல்லை. கறையான் பிடியாமல் வேலிக் கதியாலுக்குக் கழிவொயில் பூசும் வழக்கத்தை நான் எங்கு கண்டாலும் சொல்லித் தடுக்கிறேன். பழைய ரான்ஸ்போமர் எண்ணெயை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவது அதைவிட மோசம். பழையவற்றில் பீசிபி இருக்கலாம். அது மண்ணிலும் மீனிலும் மனிதக் கொழுப்பிலும் தலைமுறைக்கு நிற்கும் பொருள்.

வன்னியிலும் அதற்கு அப்பாலும் வேறு ஒரு சோகம். மதவாச்சி, பதவியா, வவுனியாப் பக்கம் சீனியும் பிறஷரும் இல்லாத கமக்காரர் சிறுநீரகம் செயலிழந்து சாவது 1990களில் கவனத்துக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. வடமத்திய மாகாணத்தில் 15 முதல் 70 வயதினரில் 15 வீதம் பேருக்கு அந்த நோய் இருப்பதாக அது சொன்னது. நோயாளிகளின் சிறுநீரில் கட்மியம் கூடுதலாக இருந்தது. அதன் பின் புளோரைட்டு கலந்த கடின நீர், பீடைகொல்லி, வெயிலில் வேலை என்று ஒவ்வொரு காரணமும் ஆய்வாளரிடையே இன்றும் மோதுகிறது. ஒரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் நடவடிக்கை என்று காத்திருந்தால் மக்கள் இறந்து முடிந்துவிடுவார்கள். காத்திராமல் குடிதண்ணீரை மாற்றிக் கொடுத்தார்கள். அந்த முடிவு சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

எங்கள் தீவுகளில் பெரும்பாலானோரின் சிறுநீரகத்தைக் கொல்வது இன்னும் சீனியும் பிறஷரும்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் மக்களைத் தவறாக வழிநடத்தியவனாவேன். ஆனால் சீனியால் ஏற்கனவே தளர்ந்த சிறுநீரகத்துக்கு மேல் ஈயமும் கட்மியமும் ஏறினால் அது இன்னும் வேகமாகத் தளரும்.

எல்லா நஞ்சும் மௌனமாக வருவதில்லை. பாதரசம் சத்தம் போட்டு வரும். கேரளத்தின் மலப்புறம் பகுதியில் 2021-க்கும் 2023-க்கும் இடையில் சிறுநீரக வடிகட்டி நோயோடு வந்தவர்களைப் பார்த்த டொக்டர்கள், அவர்களில் பலர் முகம் வெளுக்கும் கிறீம் பூசியவர்கள் என்று கண்டார்கள். கிறீமில் பாதரசம். கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும், ஸ்ட்ரிப் கடும் பச்சைக்குப் போகும். கிறீமை நிறுத்தினால் பலர் தேறிவிடுகிறார்கள். பெயர் தெரியாத டப்பாக்களில் அந்தக் கிறீம் இங்கேயும் விற்கப்படுகிறது. நுரைக்கிற சிறுநீரோடு ஒரு இளம் பெண் வந்தால் என்ன பூசுகிறாய் பிள்ளை என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று புதிது, மணமும் ருசியும் இல்லாதது. ஒட்டாத சட்டிக்கும் மழைக்கோட்டுக்கும் ஒயில் தீயை அணைக்கும் நுரைக்கும் உதவும் புளோரின் சேர்மங்கள். அவற்றைச் சுருக்கமாகப் பீஃபாஸ் என்கிறார்கள். அமெரிக்காவின் பார்க்கர்ஸ்பேக்கில் டூபொன்ட் ஆலையின் கழிவால் குடிநீரில் கலந்த பிஃபோஆ என்ற சேர்மத்தை ஆய்ந்த குழு, 2012-இல் சிறுநீரகப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று சொன்னது. 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக முதல் தரத்தில் வைத்தது. பெண் எலி இதைச் சில மணித்தியாலத்தில் சிறுநீரில் வெளியேற்றிவிடும். மனிதச் சிறுநீரகம் வடித்ததைத் திரும்ப உறிஞ்சிவிடுவதால் உடம்பில் பாதியாக இரண்டு மூன்று வருடம் வேண்டும். கழிவகற்ற வந்த உறுப்பே கழிவைக் காப்பாற்றி வைக்கிறது.

“கொதித்தாறின தண்ணிதான் நாங்கள் குடிக்கிறனாங்கள், எங்களுக்குப் பயமில்லை” என்று ஊர்காவற்றுறையில் ஒரு அம்மா பெருமையாகச் சொன்னார். கிருமிக்குக் கொதித்தாறிய நீர் நல்ல காவல். அந்தப் பழக்கத்தை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் உலோகமும் நைத்திரேற்றும் பீஃபாஸும் கொதியில் போகாது. நீர் வற்ற வற்ற அவை செறியும். அவற்றை எடுப்பது எதிர்ச் சவ்வூடு வடிகட்டி, ஊரார் ஆர்ஓ என்று சொல்வது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உவரை நீக்க வைத்த அந்தப் பொறி, உலோகத்தையும் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் பொறி பழுதாகிச் சவ்வு கிழிந்தால் யார் சொல்வார்? சவ்வு மாற்றிய திகதியை வாசலில் எழுதி வைக்கும்படி நான் போன இடமெல்லாம் கேட்டிருக்கிறேன். சில இடங்களில் எழுதியிருக்கிறார்கள்.

இன்றைக்கும் இளம் ஆய்வுகூட ஆட்கள் என்னிடம் வருவார்கள். அவர்களிடம் நான் கேட்பது பெரிய பணம் கேட்கும் காரியமல்ல. தீவுப் போத்தல்கள் வந்தால் ஸ்ட்ரிப் இல்லை என்றபோதும், கிரியேட்டினின் சற்றே கூடிய ஆளுக்கு ஒரு குழாயில் சல்போசலிசிலிக் அமிலம் விட்டுப் பாருங்கள். கலங்கினால் பீற்றா-2 பார்க்கும் இடத்துக்கு அனுப்புங்கள். சிறுநீர் அமிலமாக நின்றால் அந்தப் புரதம் கெட்டுப்போகும், ஆகவே எடுத்த கையோடு காரப்படுத்தி ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். வேண்டுகைப் படிவத்தில் பிறஷர், சீனிக்குக் கீழே தொழில், கிணறு, சுருட்டு என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். பற்றரி உடைப்பவரின் பேரப்பிள்ளைகளுக்கு இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி டொக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். சென்ற கிழமை ஒரு பிள்ளை, “ஐயா, அந்தப் படிவத்துக்கு மேலதிகாரி ஒப்பம் வேணுமே” என்றாள். ஒப்பம் வரும் வரைக்கும் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். அவள் இப்போது எழுதுகிறாள்.